கார் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா? ரெண்டு க்ளெய்ம் பாஸாகி, சிலது ரிஜெக்ட் ஆன ஒருத்தியோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், உங்க வண்டியில டர்போ இருக்கு, இல்ல டீசல், இல்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இதுல ஏதாவது ஒண்ணு இருந்து மூணு வருஷத்துக்கு மேல அத வச்சு ஓட்டப்போறீங்கன்னா கம்பெனியோட எக்ஸ்டெண்டட் வாரண்டிய, அதாவது வண்டியோட வர்ற வாரண்டி முடிஞ்சப்புறமும் சில வருஷம் தொடர காசு கட்டி வாங்கறத, எடுத்துடுங்க, யோசிக்கவே வேணாம். சாதா மேனுவல் பெட்ரோல் வண்டி, டர்போ கிடையாது, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் தான் எடுப்போம், வருஷத்துக்கு அஞ்சாறாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே பெரிசுன்னா அந்தக் காச பேங்க்ல போட்டு வைங்க. இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவங்க தான் ஷோரூம்ல அந்த பேப்பர கையில வச்சுக்கிட்டு முழிக்கிறாங்க, அவங்களுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

என் வண்டி ஒரு காம்பாக்ட் எஸ்யூவி, டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் (ரெண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யற) ஆட்டோமேட்டிக். கம்பெனி பேர் வேணாம், கீழ சில குறை சொல்லியிருக்கேன், அத ஒரு பிராண்டோட குறைன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது, எல்லா இடத்துலயும் இதே கதைதான் கேக்குறேன். வீடு திருவான்மியூர், ஆபீஸ் சிறுசேரி. ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுல இருந்து அந்த ரோடு எப்படி இருக்குன்னு தினம் போறவங்களுக்குத் தெரியும், பேரிகேடுக்கு நடுவுல பிரேக்க விட்டு விட்டு ஊர்ந்துகிட்டே போகணும், டூயல் கிளட்ச் வண்டிக்கு இத விட மோசமான வேலை கிடையாது, கிளட்ச் பாதி புடிச்சும் பாதி விட்டும் நிக்கிறதால சூடு ஏறிக்கிட்டே இருக்கும். இது போதாதுன்னு பீச் பக்கம் வீடு, உப்புக் காத்து, வருஷத்துல பத்து மாசம் ஏசி இல்லாம வண்டிய எடுக்க முடியாது. வண்டிய கெடுக்கணும்னே ஒருத்தர் பிளான் போட்டா கூட இவ்ளோ கரெக்டா போட மாட்டாரு.

ஸ்டாண்டர்ட் வாரண்டி மூணு வருஷம் இருந்துச்சு, மேல ரெண்டு வருஷம் சேக்க எனக்கு முப்பதாயிரத்துக்கு கொஞ்சம் கம்மியா ஆச்சு. டெலிவரி அன்னைக்கு எடுக்கல. அன்னைக்கு டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், ஃப்ளோர் மேட், எக்ஸ்டெண்டட் வாரண்டி எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதி ஒரே டோட்டல் போட்டு நீட்டுவாங்க, அத அப்படியே வாங்கிக்காதீங்க. வாரண்டிய மட்டும் தனியா பிரிச்சுக் கேட்டேன், எந்த தேதிக்குள்ள எடுத்தா என்ன ரேட்டுன்னு கேட்டேன், அப்பத்தான் தெரிஞ்சுது முதல் வருஷத்துக்குள்ள எப்ப எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே ரேட்டு, ரெண்டாவது வருஷம் போனா ஏறும், மூணாவது வருஷக் கடைசியில இன்னும் ஏறும், ஸ்டாண்டர்ட் வாரண்டி முடிஞ்சிட்டா பல கம்பெனியில கதவ சாத்திடுவாங்க, அப்படியே குடுத்தாலும் வண்டிய இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி அதுக்கு ஒரு சார்ஜ் வாங்கிட்டுத்தான் குடுப்பாங்க. சோ டெலிவரி அன்னைக்கு அவசரப்படத் தேவையில்ல, ஆனா மறந்தும் போகக் கூடாது, போன்ல ரிமைண்டர் போட்டு வச்சுக்கோங்க. டெலிவரிக்கு அப்புறம் தனியா எடுத்தா 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதனால அவங்க சொல்ற ரேட்டு டாக்ஸ் சேத்தா சேக்காமலான்னு கேட்டுடுங்க. வண்டி வாங்குன டீலர்கிட்டயே தான் எடுக்கணும்னும் இல்ல, அதே கம்பெனியோட வேற டீலர்கிட்டயும் எடுக்கலாம், நான் அப்படித்தான் வேற இடத்துல எடுத்தேன், கொஞ்சம் குறைச்சும் குடுத்தாங்க.

இங்க ஒரு விஷயத்த தெளிவா சொல்லிடணும், ஏன்னா எங்க வீட்லயே மச்சினர் கேட்டாரு, "அண்ணி, பம்பர் டு பம்பர் போட்டிருக்கீங்களே, அப்புறம் எதுக்கு வாரண்டிக்கு வேற காசு?" அது இன்சூரன்ஸ். வெளியில இருந்து வர்ற அடி, இடி, திருட்டு, வெள்ளம் இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ். யாரும் இடிக்காம எதுவும் மோதாம உள்ள இருக்கற பார்ட் தானா ஃபெயில் ஆனா அது வாரண்டி. ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணு வேணாம்னு ஆகாது, ரெண்டுக்கும் நடுவுல விழற விஷயங்களும் இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

சரி, என்ன கவர் ஆகும். மார்க்கெட்ல ரெண்டு விதமா பேப்பர் எழுதியிருப்பாங்க. ஒண்ணு "இந்த இந்த பார்ட்டுக்கு மட்டும் உண்டு"ன்னு லிஸ்ட் போட்டது, இன்னொண்ணு "இதத் தவிர மத்த எல்லாத்துக்கும் உண்டு"ன்னு எழுதுனது. ரெண்டாவது தான் நல்லது, முதல்ல இந்த வித்தியாசத்தப் பாருங்க, ரேட்ட அப்புறம் பாக்கலாம். லிஸ்ட் போட்ட பிளான்ல இன்ஜின், கியர்பாக்ஸ்னு பெரிசா எழுதியிருக்கும், ஆனா வயரிங், சென்சார், ஸ்விட்ச், கன்ட்ரோல் மாட்யூல் எதுவும் லிஸ்ட்ல இருக்காது, இப்ப வர்ற வண்டியில கெட்டுப்போறதே அதுதான். இன்ஜின் பிளாக் வெடிச்சு யாரும் சர்வீஸ் சென்டருக்கு வர்றதில்ல, ஏதோ ஒரு சென்சார் போயி வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது வேகம் ஏறாம ஊர்ந்து மட்டும் போற நிலைக்கு, போயித்தான் வர்றாங்க.

நல்ல பிளான்ல பொதுவா இன்ஜின் உள்பாகம், டர்போ, ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர், கியர்பாக்ஸ், ஸ்டீரிங் ராக்கும் அதோட மோட்டாரும், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஏசி கம்ப்ரஸர், கூலிங் காயில், ஈசிஎம் (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்), பவர் விண்டோ மோட்டார் இதெல்லாம் வந்துடும். டச் ஸ்க்ரீன் மட்டும் சந்தேகம், சில கம்பெனியில அதுக்கு தனி கணக்கு, கம்மி வருஷம், அதனால அத வாய்விட்டுக் கேட்டு எழுத்துல வாங்குங்க. எதுக்கு வராதுன்னா தேயுற எல்லாத்துக்கும் வராது: பிரேக் பேட், டிஸ்க், கிளட்ச் ப்ளேட், வைப்பர், பெல்ட், ஃபில்டர், பல்பு, ரப்பர் புஷ். டயருக்கும் பன்னெண்டு வோல்ட் பேட்டரிக்கும் அத தயாரிச்ச கம்பெனியே தனியா வாரண்டி குடுக்கும், கார் கம்பெனிகிட்ட போயி நிக்க வேணாம். பெயிண்ட், துரு, சீட் துணி, உள்ள வர்ற கடமுட சத்தம் இதெல்லாம் நாலாவது வருஷத்துல யாரும் பாக்க மாட்டாங்க.

இப்ப என் கதைக்கு வரேன். முதல் க்ளெய்ம் ஏசி. அக்னி நட்சத்திர நேரம், ஏசி போட்டா கொஞ்ச நேரம் ஜில்லுன்னு வரும், அப்புறம் வெறும் ஃபேன் காத்து. வெளி மெக்கானிக் ஒரு தம்பி கேஸ் செக் பண்ணிப் பாத்துட்டு, "அக்கா, கேஸ் இறங்கியிருக்கு, நான் ஏத்தித் தர்றேன், ஆனா எங்கயோ லீக் இருக்கு, உங்களுக்கு வாரண்டி இருந்தா நான் கை வைக்கல, கம்பெனிக்கே கொண்டு போயிடுங்க"ன்னான். அவனுக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்றேன், அவன் திறந்திருந்தா அதையே காரணம் காட்டி க்ளெய்ம ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்க. சர்வீஸ் சென்டர்ல லீக் டெஸ்ட் போட்டு கூலிங் காயில்னு சொன்னாங்க. கூலிங் காயில் மாத்தறதுன்னா டேஷ்போர்டையே கழட்டணும், பார்ட்ட விட லேபர் தான் பயமுறுத்தும். ஈசிஆர், பெசன்ட் நகர், திருவான்மியூர்னு கடல் பக்கம் இருக்கறவங்க இந்த கூலிங் காயில் லீக் பத்தி அடிக்கடி பேசி நான் கேட்டிருக்கேன். வாரண்டியில முழுசா மாத்திக் குடுத்தாங்க, நல்ல வேலை, டேஷ்போர்டு திரும்ப மாட்டுனதுல ஒரு சத்தம் கூட இல்ல.

பில்லுல மட்டும் ஏசி கேஸ், கம்ப்ரஸர் ஆயில்னு ஒரு தொகை போட்டு வச்சிருந்தாங்க. "மேடம், கன்ஸ்யூமபிள்ஸ் கஸ்டமர் தான் குடுக்கணும்." நான் வாரண்டி புக்லெட்ட போன்ல பிடிஎஃப்பா வச்சிருந்தேன், கவர் ஆகற ரிப்பேருக்குத் தேவைப்படற ஆயில், கூலன்ட், கேஸ் இதெல்லாம் அந்த ரிப்பேரோட சேர்ந்துதான்னு என் பிளான்ல தெளிவா எழுதியிருக்கு. காட்டுனேன். அட்வைசர் உள்ள போயி மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வந்து எடுத்துட்டாரு, சண்டை எதுவும் இல்ல. ஆனா கேக்காதவங்க அத்தன பேரும் கட்டிட்டுத்தான் போயிருப்பாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. உங்க பிளான்ல இந்த வரி இருக்கா இல்லையான்னு பாத்து வைங்க, எல்லா கம்பெனியிலயும் ஒரே மாதிரி இருக்காது.

ரெண்டாவது க்ளெய்ம் தான் பெரிசு. கியர்பாக்ஸ். காலையில நல்லா போகும், சாயங்காலம் சோழிங்கநல்லூர் சிக்னல் கூட்டத்துல மாட்டுனா ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்குப் போறப்ப ஒரு வெட்டு வெட்டும், சில நாள் டேஷ்போர்டுல கியர்பாக்ஸ் வார்னிங் வந்துட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போயிடும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனா அங்க ஒழுங்கா ஓடும். "டூயல் கிளட்ச்னா இப்படித்தான் மேடம், இது நார்மல்." இந்த வார்த்தைய கேட்டுட்டு திரும்பி வந்துடாதீங்க, இதுதான் இந்த ரிவ்யூவுலயே முக்கியமான இடம். வார்னிங் வரும்போதெல்லாம் பக்கத்துல இருக்கறவங்கள வீடியோ எடுக்கச் சொன்னேன், ஓடோமீட்டர் தெரியற மாதிரி. அடுத்த தடவை போனப்ப ஜாப் கார்டுல (வண்டிய விடறப்ப நம்ம புகார எழுதற பேப்பர்) "கஸ்டமர் செக்கப்"னு எழுத வந்தாங்க, அப்படி எழுத விடல, "லோ ஸ்பீடுல ஜெர்க், கியர்பாக்ஸ் வார்னிங் லைட் வந்து வந்து போகுது"ன்னு எழுத வச்சு காப்பி வாங்கிக்கிட்டேன். அவங்க டெக்னீஷியனயே சாயங்கால டிராஃபிக்ல பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிக் காட்டுனேன், அவரு மடியில ஸ்கேனர், வெட்டு வந்த அந்த நிமிஷத்துல ஃபால்ட் கோடு விழுந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் நார்மல்னு சொல்லல. கம்பெனி அப்ரூவல், பார்ட் ஆர்டர்னு காத்திருந்து, கிளட்ச்ச இயக்குற ஆக்சுவேட்டர் யூனிட்ட மாத்திக் குடுத்தாங்க. கைக்காசு போட்டிருந்தா எவ்ளோன்னு எஸ்டிமேட் கேட்டேன், லட்சத்த தாண்டியிருக்கு. நான் வாரண்டிக்குக் குடுத்த காசு அந்த ஒரு பார்ட்டுல மூணு மடங்குக்கு மேல திரும்பி வந்துடுச்சு.

ஜாப் கார்டு ஏன் அவ்ளோ முக்கியம்னா, வாரண்டி முடியறதுக்கு முன்னாடி நீங்க அந்தக் குறைய சொன்னீங்கன்றதுக்கு அது ஒண்ணு தான் எழுத்துல இருக்கற சாட்சி. வாய்ல சொல்லி, அவங்களும் "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் மேடம்"னு வாய்ல சொல்லி, அந்த அடுத்த சர்வீஸ் வர்றதுக்குள்ள வாரண்டி முடிஞ்சு போனவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. ஜாப் கார்டுல ஏறிட்டா வாரண்டி முடிஞ்சு அடுத்த மாசம் அதே குறை பெரிசா வெடிச்சாலும் உங்களுக்குப் பேச இடம் இருக்கு. கொஞ்ச நாள் தள்ளி முடிஞ்சுபோயிருந்தா கூட குட்வில்னு ஒண்ணு கேக்கலாம், சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா அங்கயே பண்ணியிருந்தா பார்ட் காசுல ஒரு பங்க கம்பெனி ஏத்துக்கும், இது உரிமை இல்ல, அவங்க இஷ்டம், ஆனா கேக்காம யாரும் குடுக்க மாட்டாங்க.

ரிஜெக்ட் ஆனத சொல்றேன். சஸ்பென்ஷன்ல இருக்கற லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும், ஓஎம்ஆர் பள்ளத்துல விழுந்து விழுந்து கடகடன்னு சத்தம், வேர் அண்ட் டேர்னு சொல்லிட்டாங்க, அது சரிதான், புக்லெட்ல இருக்கு, கட்டுனேன். ஷாக் அப்சார்பர்ல ஆயில் லீக் ஆனப்பதான் எனக்குக் கோவம் வந்துச்சு. ஷாக் அப்சார்பர் லீக் என் பிளான்ல கவர் ஆகும், ஆனா "வெளி அடியால வந்தது"ன்னு ஒரு விலக்கு இருக்கு, பள்ளத்துல விட்டதால வந்துச்சுன்னு எழுதி ரிஜெக்ட் பண்ணாங்க. ராட் வளையல, ரிம்முல ஒரு கீறல் இல்ல, டயர் பக்கவாட்டுல அடி இல்ல, அப்புறம் எத வச்சு வெளி அடின்னு சொல்றீங்கன்னு மெயில்ல கேட்டேன், கம்பெனி கஸ்டமர் கேரையும் சேத்து வச்சு. ஒரு வாரத்துக்கு மேல இழுத்து கடைசியில ஒரு பக்கம் மட்டும் மாத்திக் குடுத்தாங்க, இன்னொரு பக்கம் என் செலவு. ஷாக் அப்சார்பர்னா ஜோடியாத்தான் மாத்தணும், அத அவங்களே சொல்லிட்டு ஒண்ணுக்கு மட்டும் குடுக்கறது நியாயமே இல்ல. சென்னையில வண்டி ஓட்டறவங்க எல்லாருக்கும் பள்ளம் உண்டு, அதக் காரணமா எடுத்துக்கிட்டா இந்த ஊர்ல எந்த சஸ்பென்ஷன் க்ளெய்மும் பாஸ் ஆகாது.

அப்புறம் எலி. அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல நிறுத்தறவங்க கவனிங்க, எலி வயர கடிச்சா வாரண்டி வரவே வராது, எந்தக் கம்பெனியிலயும். அது இன்சூரன்ஸ்ல தான் கேக்கணும், பாலிசிய பொறுத்து பாஸ் ஆகும். நான் சொன்ன நடுவுல விழற விஷயத்துல இது ஒண்ணு. இன்னொண்ணு மழை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், வேளச்சேரி பள்ளிக்கரணை பக்கம் வண்டிங்க முங்கி நின்னத எல்லாரும் பாத்தோம், அதுக்கப்புறம் மழைன்னு சொன்னாலே வேளச்சேரி மேம்பாலத்துல கொண்டு போய் வரிசையா நிறுத்துறாங்க, நிறுத்தாம என்ன பண்ணுவாங்க. தண்ணி புகுந்து இன்ஜின் போனா எக்ஸ்டெண்டட் வாரண்டி ஒரு ரூபா தராது. சாதாரண இன்சூரன்ஸும், நின்ன வண்டிய தண்ணியில ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் லாக் ஆச்சுன்னா அத விட்டுடும், அதுக்கு இன்ஜின் ப்ரொடெக்ட்னு ஒரு ஆட் ஆன் தனியா போடணும். சென்னையில தாழ்வான ஏரியாவுல இருக்கீங்க, கையில கொஞ்சம் காசு தான் இருக்கு, எக்ஸ்டெண்டட் வாரண்டியா இன்ஜின் ப்ரொடெக்ட்டான்னு கேட்டா, நான் இன்ஜின் ப்ரொடெக்ட்ன்னு தான் சொல்லுவேன். அது வருஷா வருஷம் இன்சூரன்ஸோட போடறது, வாரண்டிய விட ரொம்ப கம்மி காசு. தண்ணியில நின்னுட்டா தயவு செஞ்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணுங்க.

எந்தெந்த கம்பெனி என்ன குடுக்குதுன்றதையும் பாக்கணும், ஏன்னா ஸ்டாண்டர்ட் வாரண்டியே இப்ப பெரிசாயிடுச்சு. மாருதியில முன்னாடி ரெண்டு வருஷம் இல்ல 40,000 கிலோமீட்டர் தான், 2024 ஜூலையில இருந்து மூணு வருஷம் இல்ல ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆக்கிட்டாங்க, எக்ஸ்டெண்டட் போட்டா ஆறு வருஷம் இல்ல 1,60,000 வரைக்கும் போகும். ஹூண்டாய்ல மூணு வருஷம், கிலோமீட்டர் கணக்கு இல்ல. டொயோட்டாவுல மூணு வருஷம் இல்ல ஒரு லட்சம், மேல எடுத்தா அஞ்சு வருஷம் இல்ல 2,20,000. இதுல "இல்ல"ன்ற வார்த்தைய கவனிச்சுக்கோங்க, வருஷமோ கிலோமீட்டரோ எது முதல்ல வருதோ அதோட முடிஞ்சுது. வாரா வாரம் திருச்சி மதுரைன்னு ஓட்டறவங்களுக்கு கிலோமீட்டர் முதல்ல முடிஞ்சிடும், அவங்க வருஷத்தப் பாத்து ஏமாறக் கூடாது, அவங்களுக்கு கிலோமீட்டர் வரம்பு இல்லாத பிளான் தான் காசுக்கு வொர்த். எலக்ட்ரிக் வண்டியில பல மாடலுக்கு பேட்டரிக்கு எட்டு வருஷம் இல்ல 1,60,000 கிலோமீட்டர் கம்பெனியே குடுத்துடுது, அத காட்டி "எட்டு வருஷ வாரண்டி"ன்னு சொன்னா, அது முழு வண்டிக்கு இல்லன்னு புரிஞ்சுக்கோங்க, சார்ஜர், ஏசி, ஸ்க்ரீன், சஸ்பென்ஷன் எல்லாம் பெரும்பாலும் வண்டியோட சாதா வாரண்டி கணக்குல தான் நிக்கும்.

எடுத்தா மட்டும் போதாது, காப்பாத்தணும். சர்வீஸ் தேதி தவறக் கூடாது. வண்டி ஓடவே இல்ல, எதுக்கு சர்வீஸ்னு விடறவங்க தான் இதுல மாட்டறாங்க, புக்குல பத்தாயிரம் கிலோமீட்டர் இல்ல ஒரு வருஷம்னு இருந்தா ஒரு வருஷம் ஆனதும் விட்டே ஆகணும், வண்டி ரெண்டாயிரம் தான் ஓடியிருந்தாலும். அப்புறம் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. அங்க லைட்டு, ஸ்பீக்கர், கேமரா மாட்டாத சென்னைக் கார் குறைவு, நல்ல கடைங்க இருக்கு, நானே சீட் கவர் அங்க தான் போட்டேன். ஆனா வயர வெட்டி ஜாயின்ட் போடற எந்த வேலையும் வாரண்டி முடியற வரைக்கும் வேணாம், வயர வெட்டாம கப்ளர்ல (வயர் முனையில இருக்கற ப்ளக்) சொருகற மாதிரி இருந்தா மட்டும் பண்ணுங்க. ஒரே ஒரு வெட்டுன வயர் போதும், எலக்ட்ரிக்கல் க்ளெய்ம் மொத்தத்தையும் அத காட்டி தள்ளிடுவாங்க. வெளியில சிஎன்ஜி கிட் போட்டாலும் இதே கதி தான். சொந்த வண்டிய வாடகைக்கு விட்டாலும் முடிஞ்சுது.

பேப்பர்ல யாரு பேரு இருக்குன்னும் பாருங்க. கார் கம்பெனியோட பேரு, உங்க சேசிஸ் நம்பர், எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும், இது மூணும் சர்டிஃபிகேட்ல இருக்கணும். சில டீலர் தன்னோட சொந்த பிளானயோ வேற ஒரு கம்பெனி பிளானயோ இதே பேர்ல விக்கறாங்க, அதுல ஒரு க்ளெய்முக்கு இவ்ளோ தான்னு உச்சவரம்பு இருக்கும், முதல்ல நீங்க கட்டி அப்புறம் வாங்கிக்கணும்னு இருக்கும், அந்த டீலர் கடைய மூடிட்டா யாரக் கேக்கறது? ஃபோர்டு 2021-ல இந்தியாவுல கார் தயாரிக்கறத நிறுத்தப்போறதா சொன்னப்ப அவங்க மறைமலை நகர் ஃபேக்டரி வண்டி வச்சிருந்த நம்ம ஊர்க்காரங்க எவ்ளோ பதறினாங்க, ஆனா சர்வீஸ், ஸ்பேர், வாரண்டி எல்லாம் தொடரும்னு கம்பெனி சொல்லுச்சு. கம்பெனி பேர்ல பேப்பர் இருந்தா கேக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கும். அதனால ரேட்டு நாலாயிரம் ஐயாயிரம் கம்மின்னு வெளி பிளானுக்குப் போகாதீங்க, பழைய வண்டிக்கு கம்பெனி வாரண்டியே கிடைக்காதுன்ற நிலைமையில மட்டும் அத யோசிக்கலாம்.

நியாயமான க்ளெய்ம ரிஜெக்ட் பண்ணா என்ன பண்றது. முதல்ல காரணத்த எழுத்துல கேளுங்க, புக்லெட்ல எந்த விதிப்படி ரிஜெக்ட்னு. பாதி கேஸ் இங்கயே இறங்கி வரும், ஏன்னா எழுதிக் குடுக்க அவங்களுக்கு இஷ்டம் இருக்காது. அப்புறம் டீலர விட்டுட்டு கம்பெனிக்கு மெயில். அதுக்கும் அசையலன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். கடைசியா நுகர்வோர் ஆணையம், ஆன்லைன்லயே பதியலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, பிரச்சனை வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நான் மெயிலோட நிறுத்திக்கிட்டேன், ஆனா கியர்பாக்ஸ் க்ளெய்ம ரிஜெக்ட் பண்ணியிருந்தா கண்டிப்பா போயிருப்பேன்.

எங்க மாமனார்கிட்ட ஒரு மேனுவல் ஹேட்ச்பேக், டர்போ கிடையாது, மயிலாப்பூர் தாண்டி போகாது. அவருக்கு வேணாம்னு நான் தான் சொன்னேன். "ஏம்மா, நீ மட்டும் போட்டிருக்க?"ன்னு கேட்டாரு. "மாமா, உங்க வண்டியில கெடக்கூடியது ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கம்ப்ரஸர் இவ்ளோ தான், ஒண்ணு போனாலும் வாரண்டி காசுக்கு கொஞ்சம் முன்ன பின்ன வெளியிலயே முடிஞ்சிடும், என் கியர்பாக்ஸ் போனா புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட் கடை முழுக்க தேடினாலும் அந்த யூனிட் கிடைக்காது"ன்னேன். அவருக்கு சரின்னு பட்டுச்சு. என் தம்பிக்கு டீசல் ஆட்டோமேட்டிக், மாசா மாசம் திருநெல்வேலி போயிட்டு வருவான், அவன இன்னும் ஒரு வருஷமும் சேத்து எடுக்கச் சொல்லி எடுக்க வச்சேன், இன்ஜெக்டர், டர்போ, ஈஜிஆர் (புகைய கொஞ்சம் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பற வால்வ்) எல்லாமே விலை அதிகம்.

விக்கப்போறவங்களுக்கு ஒண்ணு, மிச்சம் இருக்கற வாரண்டிய அடுத்த ஓனருக்கு மாத்திக் குடுக்கலாம், பெரும்பாலான கம்பெனி பிளான்ல இது உண்டு, ஆர்சி பேர் மாறின கையோட டீலர்கிட்ட எழுதிக் குடுக்கணும், தேதி தாண்டிட்டா ஏத்துக்க மாட்டாங்க. பழைய வண்டி வாங்கறவங்களும் "வாரண்டி இருக்கு"ன்னு சொன்னா நம்பி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, சேசிஸ் நம்பர எடுத்துக்கிட்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போயி சிஸ்டம்ல வாரண்டி எது வரைக்கும் ஆக்டிவா இருக்கு, இதுவரைக்கும் என்னென்ன மாத்தியிருக்காங்க, எந்த சர்வீஸ் விட்டுப்போயிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் ரேட்டு பேசுங்க. என் வண்டிக்கு இன்னும் வாரண்டி பாக்கி இருக்கு, நான் எடுத்த பிளானுக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ணு குறைச்சது அந்த ஷாக் அப்சார்பருக்காக.